ஜி.டி. நாயுடு: முதலாளியா, கண்டுபிடிப்பாளரா?

நண்பர்களே, ஜி.டி. நாயுடுவைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஷேவிங் ரேசரோடு நின்றுவிடுகிறார்கள். டிப்ளமோ படிக்கிற நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் சர்வராக வேலை செய்து காசு சேர்த்து ஒரு வண்டி வாங்கினார். வாங்கியதும் செய்த வேலை, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டியது!

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓடியது. அதுவே யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. தொழில் வளர்ச்சி என்றால் அவருக்கு அது பஸ்தான். அந்த வருமானம் இல்லாவிட்டால் மற்ற பரிசோதனைக்கெல்லாம் காசு ஏது?

பேட்டரியில் ஓடும் ரேசர் செய்தார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. இவற்றில் எதுவும் யு.எம்.எஸ். மாதிரி வளரவில்லை. லைசென்ஸ் முறையை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. ஒன்று முடிவதற்குள் அவர் மனசு அடுத்த சாமானுக்குத் தாவிவிடும் என்றே எனக்குப் படுகிறது.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரக் காரணமானார். அந்தக் கல்லூரிதான் பிறகு அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, முதல்வர் பதவியை விட்டு விலகினார். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வருஷம் குறைந்தால் ஒரு வருஷச் சம்பளம். அதனால் இந்த விஷயத்தில் நான் நாயுடு கட்சி!

1974-ல் காலமானார். என் தீர்ப்பைக் கேட்டால், ரேசரை விடப் பெரிய சாதனை 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் தயாரித்த மின்மோட்டார். அது அவரோடு நிற்கவில்லை. கோவையில் எத்தனையோ பேர் அந்தத் தொழிலில் இறங்கி மோட்டாரும் பம்பும் செய்தார்கள். நம்ம பொம்மிடிப் பக்கம் கிணற்று மோட்டார் எரிஞ்சு போய் காயில் கட்டக் கொண்டுவந்தால், அதன் தகட்டைத் துடைச்சுப் பாருங்க. கோயம்புத்தூர்னு போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.