‘மாருத்’ படைத்த மாமேதை – குர்ட் டாங்க்

பறவை பறப்பதைப் பார்த்து ஏங்காத மனிதன் இல்லை. ஆனால் தரையை விட்டு எழும் அந்த ஒரு நொடியில் அது எவ்வளவு வலிமையைச் செலவிடுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இயற்பியல் மாணவனாகிய நானும் எண்ணியதில்லை. பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் விமான நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்குக் கல்விச் சுற்றுலா சென்றபோதுதான் அந்த எண்ணம் பிறந்தது. கூரிய மூக்கும் பின்சாய்ந்த இறக்கைகளுமாக அங்கே ஒரு போர் விமானம் நின்றிருந்தது. அதன் பெயர் மாருத். அதன் அழகில் மயங்கி நின்றேன். அதற்கு ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவே இல்லை என்று உடன் வந்த பேராசிரியர் சொன்னதும் மனம் கனத்தது. அதைப் படைத்தவர் யார் எனத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

குர்ட் டாங்க் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் அன்றைய பிரஷ்யாவின் புரோம்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்நகரம் போலந்து நாட்டில் உள்ளது. முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணியாற்றினார். பின்னர் பெர்லினில் மின்பொறியியல் பயின்றார். 1931-இல் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வடிவமைத்த காண்டார் விமானம் 1938 ஆகஸ்டில் பெர்லினிலிருந்து நியூயார்க் வரை எங்கும் இறங்காமல் பறந்து உலகை வியக்க வைத்தது.

1939-இல் அவருடைய எஃப்.டபிள்யூ.-190 போர் விமானம் முதன்முதலாகப் பறந்தது. சேற்றிலும் மேட்டிலும் தளராத படைக்குதிரையைப் போல விமானமும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் வரைந்த விமானங்களைத் தாமே ஓட்டிச் சோதித்த துணிவும் அவருக்கு உண்டு. ஆயினும் அந்தத் திறமை இட்லரின் கொடுங்கோல் ஆட்சிக்குப் பயன்பட்டது என்பதை மறைப்பது முறையாகாது. அறிவு யாருக்கு ஊழியம் செய்கிறது என்ற கேள்வியை அவர் வாழ்க்கை நம் முன் வைக்கிறது.

போரில் ஜெர்மனி வீழ்ந்தபின், 1947-இல் பெத்ரோ மத்தீஸ் என்ற மாற்றுப் பெயரில் அவர் அர்ஜென்டினா சென்றார். அங்கே புல்கி-2 என்ற ஜெட் விமானத்தை உருவாக்கினார். 1955-இல் அதிபர் பெரோன் பதவி இழந்ததும் அந்த வாயிலும் அடைபட்டது. 1956-இல் இந்தியா அவரை வரவேற்றது. சென்னை தொழில்நுட்பக் கல்லூரியின் புகழ்பெற்ற பேராசிரியர்களுள் ஒருவராக டாங்கையும் அப்துல் கலாம் தம் சுயசரிதையில் குறிப்பிடுவது நமக்குப் பெருமை தருவதாகும்.

பெங்களூரில் டாங்க்கும் நம் பொறியாளர்களும் இணைந்து உழைத்தனர். முதலில் முழு அளவில் மரத்தாலான ஒரு மாதிரி விமானம் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று 1959-இல் சோதித்தனர். 1961 ஜூன் 17 அன்று விமானி சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தை வானில் ஏற்றினார்.

ஆனால் எஞ்சின்? டாங்க் நம்பியிருந்தது பின்னெரிப்புக் கருவியுடன் ஏறத்தாழ 3,700 கிலோ உந்துவிசை தரவல்ல பிரிட்டிஷ் எஞ்சினை. அதை உருவாக்கி முடிக்கும் செலவை ஏற்க நம் அரசு முன்வரவில்லை. கிடைத்ததோ சுமார் 2,200 கிலோ உந்துவிசை கொண்ட ஆர்ஃபியஸ். இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து 4,400 கிலோ. முழுச் சுமையுடன் விமானத்தின் எடையோ ஏறத்தாழ 10,900 கிலோ!

நண்பர்களே, இதன் விளைவை நம் பாடநூல் கணக்கே சொல்லும். எடை பத்து விழுக்காடு கூடினால், மேலெழத் தேவையான வேகத்தின் இருமடியும் அதே அளவு கூடும். முடுக்கமோ அதற்கேற்பக் குறையும். இரண்டும் சேர்ந்து, ஓடவேண்டிய தூரத்தை ஏறத்தாழ இருபத்தொரு விழுக்காடு நீட்டிவிடும். பெங்களூரோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். எஞ்சினுக்கும் மூச்சு முட்டும். இறக்கையும் கூடுதல் வேகம் கேட்கும். ஆகவே குண்டைக் குறைப்பதா, எரிபொருளைக் குறைப்பதா என்பதே விமானியின் கவலையாகிவிடும்.

ஒலியைப்போல் இருமடங்கு வேகம் என்ற கனவு கனவாகவே நின்றது. எகிப்து நாட்டு எஞ்சினைப் பொருத்தி 1967-இல் சோதித்த முயற்சியும் 1969-இல் கைவிடப்பட்டது. ஆர்ஃபியசுக்கே பின்னெரிப்புக் கருவி பொருத்தும் முயற்சி நடந்தது. அப்படிப் பொருத்திய மாருத் 1970 ஜனவரி 10 அன்று மேலெழும்போது விழுந்து நொறுங்கியது. அதில் உயிர் நீத்தவர் அதே சுரஞ்சன் தாஸ். அவர் பெயரைப் பெங்களூரில் ஒரு சாலை இன்றும் தாங்கி நிற்கிறது.

இருப்பினும் மாருத் தோற்றுவிடவில்லை. 1971 போரில் இராஜஸ்தான் பகுதியில் தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கியது. ஓர் எஞ்சின் அடிபட்டும் மற்றொன்றின் துணையால் தளம் திரும்பிய மாருத்துகள் உண்டு. படைக்குதிரைக் கொள்கை பொய்க்கவில்லை! மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. டாங்க் தாய்நாடு திரும்பி, 1983 ஜூன் 5-ஆம் நாள் மூனிச்சில் மறைந்தார்.

உடலைச் செய்யக் கற்றுக்கொண்ட நாம் இதயத்தை இன்னும் கடன் கேட்கிறோம். நம் தேஜஸ் விமானமும் இன்று அமெரிக்க எஞ்சினால்தான் பறக்கிறது. அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வரும்போது மாருத்தை மீண்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அது எதற்காகவோ காத்திருப்பதுபோல் தோன்றியது. அது காத்திருப்பது, ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நம்மில் ஒருவருக்காக இருக்கக் கூடாதா?