பாட்டு இருக்கிறது, பாடியவர் எங்கே?

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம்ம சங்கச் செயலாளர் நச்சரித்தபோது, ஹாஸ்டல் கதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வேறொன்று எழுதுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

ரிட்டையரான பிறகு அங்கோர் வாட் பார்க்கக் கம்போடியா போயிருந்தேன். வேன் ஓட்டிய பையன் ஒரு பழைய பாட்டைப் போட்டான். பாஷை ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நம்ம ஏ.எம்.ராஜா மாதிரி அப்படியொரு மெதுவான குரல்! விசாரித்தால் சின் சிசாமுத் என்றான். ஊர் திரும்பியதும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

1930களின் தொடக்கத்தில் ஸ்டங் ட்ரெங் என்ற ஊரில் பிறந்தவர். தலைநகர் புனோம் பென்னுக்கு வந்தது மருத்துவம் படிக்க. ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்தார். மனசு முழுக்கப் பாட்டுதான். தேசிய வானொலியில் பாடி, அரண்மனை இசைக்குழுவிலும் இடம் பிடித்தார். நாட்டை ஆண்ட சிஹானூக்கே இசையமைப்பவர் என்பதால் கலைஞர்களுக்கு மவுசு இருந்த காலம். 1960களில், பக்கத்து வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கான ரேடியோ புனோம் பென் வரை கேட்டது. எலெக்ட்ரிக் கிதார் வந்தது. உருக்கமான காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர் ராக்கும் பாடினார். ரோஸ் செரெய் சோத்தியாவோடு அவர் பாடிய ஜோடிப் பாட்டுகள் நாடெங்கும் பிரபலம்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படை தலைநகரைப் பிடித்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளைக்கூட விடாமல் ஊரையே காலி செய்து வயல்காட்டுக்கு விரட்டினார்கள். படித்தவன், கலைஞன் எல்லாம் எதிரி. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழுவதற்குள் சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். சிசாமுத்தும் திரும்பவில்லை. 1976இல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சாகும் முன் ஒரு பாட்டுப் பாட அனுமதி கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ அதில் சினிமா வாசனை அடிக்கிறது. உடல் கிடைக்கவில்லை, சமாதி இல்லை. நம்ம ஊரில் திதி கொடுக்கவாவது ஒரு நாள் தெரியும். அவர் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. சோத்தியாவுக்கும் அதே கதிதான்.

மூலப் பதிவுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. ஜனங்கள் ஒளித்துவைத்த இசைத்தட்டு, கேசட்டுகளிலிருந்துதான் இன்றைக்குக் கேட்கிற பாட்டெல்லாம். நம்ம கல்லூரி இசைக்குழுப் பிள்ளைகள் ஒருதரம் தேடிக் கேளுங்கள். அந்த வேனில் நான் கேட்டதும் அப்படித் தப்பிய ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். பாட்டு முழுக்கக் கரகரவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.