தனிவழி சென்ற இராமானுஜன்

மேற்படிப்பின் பொருட்டுப் பாப்பிரெட்டிப்பட்டியை விட்டுப் புறப்பட்டு, பொம்மிடி நிலையத்தில் முதன்முறை தனியே புகைவண்டி ஏறிய நாளை நாம் இன்றும் மறந்தோமில்லை. சேர்வராயன் மலை கண்ணுக்கு மறையுமளவும் சன்னலை விட்டு முகந் திருப்பாதிருந்தோம். அவ்வச்சத்தை அறிந்தார்க்கு, கணிதமேதை சீனிவாச இராமானுஜனது வாழ்வில் அவர்தங் கணிதத்தினும் எளிதில் விளங்கும் பகுதி ஒன்றுண்டு. அதனையே ஈண்டுக் கூறப் புகுந்தோம். கணிதங் கூறுதற்கு நமக்குத் தகுதி இல்லை.

இவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்றோர் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடைக் கணக்கர். குழந்தைக்கு மூன்றாண்டுவரை பேச்சு வரவில்லை. பின்னர்ச் சிலகாலம் சென்னையிலிருந்த பாட்டனார் வீட்டில் விடப்பட்டபொழுது, புதிய ஊரின் பள்ளிக்குச் செல்ல அச்சிறுவர் இசைந்தாரல்லர். வீட்டார் போலீஸ்காரர் ஒருவரைத் துணைக்கொண்டு பள்ளிக்கு அனுப்பவேண்டியதாயிற்று! ஆறு திங்களுக்குள் கும்பகோணத்திற்கே திரும்பினார். அங்குத் தெரிந்த தெருவும் தெரிந்த திண்ணையும் வாய்த்தபின் கல்வியில் முதன்மை பெற்றார்.

கல்லூரியில் கணிதமொன்றிலேயே மனஞ்செலுத்தி ஏனைய பாடங்களிற் றவறியமையால் உதவித்தொகை நின்றது. 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒருவருக்குஞ் சொல்லாது விசாகப்பட்டினம் நோக்கிச் சென்றுவிட்டார். பெற்றோர் பெரிதுங் கலங்கித் தேடினர். தனியே நெடுந்தொலை சென்றமைபற்றி இதனைத் துணிவென்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதுகின்றிலேம். போலீஸ்காரரை அழைப்பித்த அச்சமே அன்றும் அவரை ஓட்டியது. பள்ளிக்கு அஞ்சிய பிள்ளை இப்பொழுது தோல்விக்கு அஞ்சினார், அவ்வளவே.

மெய்யான துணிவு 1910-இல் தோன்றிற்று. மணமாகியும் வேலையில்லை, பச்சையப்பன் கல்லூரியிற் பயின்றும் தேர்வு கைகூடவில்லை. தம் குறிப்பேடுகளைக் கையிற் கொண்டு, திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. இராமஸ்வாமி ஐயரைக் காணச் சென்றார். ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். பட்டமில்லாத இளைஞர் அத்தகையார் முன்னின்று ஏடுகளை விரித்துவைத்தல் எளிதோ? தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலையே அவர் வேண்டியது. ஏடுகளைப் புரட்டிய ஐயர், இவ்வறிவை அவ்வேலையிற் புதைத்தல் தகாதென மறுத்து, சென்னையிலுள்ள கணித அறிஞர்க்கு முடங்கல் தந்து அனுப்பினார். இத்தகைய மறுப்பைப் பெறுதலும் ஒரு பேறேயாம். அம்முடங்கல் வழியே நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவின் உதவி கிட்டிற்று. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

இங்கிலாந்திலிருந்த கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதி முதலிற் பயன் காணாது, 1913 ஜனவரி 16-இல் ஹார்டிக்கு எழுதினார். அப்பெருமகனார் அழைத்தார், இராமானுஜனோ கடல் கடத்தற்கு இசையவில்லை. ஆசாரமுடைய குடியில் அஃது உறவினின்றே விலக்கப்படுதற்கு ஏதுவாகும். தாயார், நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகப் போற்றியவர். கனவொன்றால் உடன்பட்டார் என்பர். 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர், மீண்டும் வற்புறுத்த வேண்டுமென எண்ணியிருக்க, இராமானுஜனோ முன்னரே இசைந்திருந்தார்.

செலவுக்கு முன் குடுமி களையப்பட்டது. கால்சட்டையுஞ் சப்பாத்தும் அணியப் பழகினார். அக்கோலத்தைக் காணவேண்டாவென்று தாயாரும் மனைவியாரும் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பப்பட்டனர். மார்ச் 17-ஆம் நாள் நெவாசா என்னுங் கப்பல் சென்னையை விட்டு நீங்கியது. பள்ளிக்குப் போக வழித்துணை வேண்டிய பிள்ளை இருபத்தாறாம் வயதில் சுற்றத்தார் ஒருவருமின்றிக் கடல்மேற் சென்றார். ஏப்ரல் 14-இல் இலண்டனை அடைந்தார். நெவில் வந்து எதிர்கொண்டார்.

அங்குத் தாமே சமைத்துண்டு, போர்க்காலத்துத் தட்டுப்பாட்டிடையே நோயுற்று, 1918-இல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினராயினார். 1919 மார்ச்சில் மெலிந்த உடலோடு பம்பாயில் இறங்கியபொழுது, வழியனுப்ப வாராத தாயார் கரையிற் காத்திருந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார்.