ஜாஸ் இசை முதல்வர் சார்லஸ் போல்டன்

புகழ்பெற்றோர் பலர் தம் வாழ்வின் அடையாளங்களை நூலாகவும் சிலையாகவும் விட்டுச் செல்கின்றனர். பெரும்புகழ் எய்தியும் மங்கிய நிழற்படம் ஒன்றனை மட்டுமே விட்டுச் சென்றார் ஒருவர் உளர். அமெரிக்க நாட்டு ஜாஸ் இசைக்கு முதல்வர் எனப் பலரும் போற்றும் சார்லஸ் போல்டனே அவர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

லூசியானா மாகாணத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்களின் ஏழைக் குடும்பம் ஒன்றில், 1877ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் போல்டன் பிறந்தார். அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்து அப்பொழுது 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. 1883இல் தந்தையார் இறந்தார். தாய் ஆலிஸ் அம்மையார் அவரையும் தங்கை கோராவையும் வளர்த்து வந்தார். குடும்ப நண்பரான மானுவெல் ஹால் என்பவரிடம் போல்டன் கார்னெட் என்னும் பித்தளை ஊதுகருவியைப் பயின்றார். பகலில் சுவருக்குச் சாந்து பூசும் வேலை செய்தவர், இரவில் ஊதி ஊதி, நாளடைவில் இசையையே பிழைப்பாகக் கொண்டார்.

ஏட்டிற் கண்ட சுரங்களை அவ்வாறே வாசிப்பது அக்காலத்து நடன வாத்தியக் குழுக்களின் வழக்கம். போல்டனோ செவியிற் கேட்டதை உள்ளம் விரும்பியவாறு மாற்றி ஊதினார். திருக்கோயிற் பாடலின் உருக்கமும், தெருப் பாட்டின் துள்ளலும், உழைப்பாளரின் ஏக்கமும் அவர் ஊதலில் ஒன்றாயின. அவர் வாசித்த மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை இரவு நடனமும் ஞாயிறு காலை ஆராதனையும் நிகழ்ந்தனவாம். அடுத்த பூங்காவிற் கூடியிருந்தோரையும் தம் கார்னெட்டின் ஒலியால் அவர் தம்பால் இழுத்துக்கொள்வார் என்று கேட்டோர் கூறிச் சென்றனர்.

இப்புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1906ஆம் ஆண்டில் அவர் சித்தம் கலங்கலாயிற்று. 1907இல் ஜாக்சன் என்னும் ஊரிலிருந்த மாகாண மனநோய் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தனர். அப்பொழுது அவருக்கு வயது 29. வெளியுலகில் 1917ஆம் ஆண்டு முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. அவர் ஊரிற் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் கடல் கடந்தும் பரவியது. இவ்விசைக்கு வித்திட்டவரோ அம்மருத்துவமனையிலேயே 24 ஆண்டுகள் கழித்து, 1931 நவம்பர் 4ஆம் நாள் இறந்தார். ஹோல்ட் கல்லறைத் தோட்டத்தில், பெயரெழுதிய கல்லும் இன்றி அவரை அடக்கம் செய்தனர். நினைவுக்கல் ஒன்று அங்கு எழுந்தது 1998இலேதான்.

அவர் ஊதிய ஒலி இன்று எங்கும் இல்லை. மெழுகுருளை ஒன்றிற் பதிவு செய்யப்பட்டதென்பர், அது கிடைத்திலது. எஞ்சியது 1905 அளவில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்றே. குழுவினர் அறுவர் அதிற் காணப்படுகின்றனர். குழுவில் ஒருவரான வில்லி கார்னிஷிடம் இருந்த அப்படம் 1939இல் வெளிவந்த நூலொன்றில் அச்சாயிற்று. பின்னர் மூலப்படமும் காணாமற் போயிற்று. நாம் காண்பன யாவும் படியின் படிகளே.

இக்காலத்தில் ஜாஸ் இசையின் தொடக்கக் காலத்தைக் கணினிவழித் தீட்டும் டிஜிட்டல் நிழற்படக் கலை வளர்ந்துள்ளது. பழைய படத்தின் கீறலை அகற்றவும், இருண்ட இடத்திற்கு ஒளியூட்டவும், வண்ணம் ஏற்றவும் அதனால் இயலும். அக்கலையை நாம் இகழவில்லை. ஆயினும் போல்டனின் படம் அதற்கு ஓர் எல்லையைக் காட்டுகின்றது. அப்படத்தை ஒருவாறு அச்சிட்டால், கிதாரும் பெரிய பிடிலும் ஏந்தியவர்கள் இடக்கையராய்த் தோன்றுகின்றனர். இடவலம் மாற்றினால் கிளாரினெட் ஏந்தியோரின் கைகள் முறைமாறுகின்றன. திருப்புதல் கணினிக்கு நொடிப்பொழுதைத் தொழில். எது மெய் என்றுரைக்க அதனால் இயலாது. மங்கிய முகத்தில் அது தெளிந்த கண்களை வரையக்கூடும். அவை போல்டனின் கண்கள் ஆகா.

முன்னர்ச் சொற்களாலும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு. அவர் முடிதிருத்தும் கடை நடத்தினார் என்றும், ஊர்வம்பு கூறும் பத்திரிகை வெளியிட்டார் என்றும் நூல்கள் நெடுங்காலம் உரைத்தன. டொனால்டு மார்க்விஸ் என்பவர் நகரப் பதிவேடுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூலே அவை ஆதாரமற்றவை எனக் காட்டிற்று. அன்பு மிகுதியாற் புனைந்தவற்றைக் களைய இத்துணை ஆண்டுகள் சென்றன. படத்திற் புனைந்ததைக் களைய எத்துணை ஆண்டுகள் செல்லுமோ!

ஆகவே போல்டனைப் படமாக்கும் கலைஞர், தாம் சேர்த்தது இது, காலம் விட்டுவைத்தது இது என்று வேறுபடுத்திக் காட்டுதல் கடனாம். இருபத்துநான்கு ஆண்டுகள் உலகம் மறந்திருந்த மனிதருக்கு, அவரல்லாத வேறொரு முகத்தைச் சூட்டுதல் மீண்டும் ஒருமுறை மறத்தலேயாகும். மங்கலாயினும் அவருடைய முகத்தையே நோக்குவோம். கையிலுள்ள கார்னெட்டையும் நோக்குவோம். கேளாத அவ்வோசையை எண்ணி ஒரு கணம் மௌனமாய் நிற்றலே நாம் அவருக்குச் செய்யத்தக்க மரியாதை.