குடவோலையும் பராந்தக சோழனும்

தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஆதித்த சோழனின் மகன் முதலாம் பராந்தகன். தந்தைக்குப் பின் கி.பி. 907ஆம் ஆண்டில் அரியணை ஏறிய அவன், ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஆட்சி புரிந்தான். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராசன் இவனுடைய கொள்ளுப்பேரன்.

ஆட்சியின் தொடக்கத்திலேயே பராந்தகன் பாண்டிய நாட்டின்மீது படையெடுத்து மதுரையைக் கைப்பற்றினான். பாண்டியனுக்குத் துணையாக ஈழத்திலிருந்து வந்த படையையும் வெள்ளூர்ப் போரில் வென்றான். தோற்ற பாண்டியன் தன் மணிமுடியுடன் ஈழம் சென்று, அதனை அங்கேயே விட்டுவிட்டுச் சேர நாட்டை அடைந்தான். அம்முடியைப் பெறப் பராந்தகன் ஈழத்துக்குப் படை அனுப்பியும் அது அவன் கைக்கு எட்டவில்லை.

போர்க்களங்களில் பெற்ற வெற்றிகளைவிட, அவன் காலத்துச் சிற்றூர் ஒன்றின் சுவரில் பொறிக்கப்பட்ட எழுத்துகளே இன்று அவன் பெயரை உலகறியச் செய்கின்றன. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரே அவ்வூர்.

உத்திரமேரூர்ச் சபை

கி.பி. 919ஆம் ஆண்டில் அரசனின் ஆணைப்படி, அரசு அலுவலர் ஒருவர் உடனிருக்க, உத்திரமேரூர்ச் சபை கூடியது. ஊரின் பணிகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 921இல், சபை மீண்டும் கூடி அவ்விதிகளைத் திருத்தி விரிவாக்கியது.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபையோர் அனைவரும் கூடியிருக்க, எழுத்தறியாத சிறுவன் ஒருவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்வர். அவ்வோலையை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பிறகு அவ்வோலை பலராலும் உரக்கப் படிக்கப்படும்.

இவ்வாறு குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினர். பதவிக் காலம் 360 நாள்கள். 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

கிரேக்கத்தில் ஓர் ஒப்புமை

இதற்குச் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே, கிரேக்க நாட்டு நகரங்களில் பலவகை ஆட்சிகள் நிலவின. சில நகரங்களில் ஒருவர் ஆண்டார். சிலவற்றில் செல்வர் சிலர் கூடி ஆண்டனர். ஸ்பார்ட்டாவில் ஒரே காலத்தில் இரு மன்னர் இருந்தனர். ஏதென்ஸ் நகரிலோ, கி.மு. 508ஐ ஒட்டிக் கிளைஸ்தனிஸ் என்பவர் செய்த சீர்திருத்தத்தால் குடிமக்களின் ஆட்சி வளர்ந்தது. அங்கும் 500 பேர் கொண்ட மன்றத்தின் உறுப்பினர் சீட்டுக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அங்கும் பதவிக் காலம் ஓர் ஆண்டே. பதவி முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும்.

எனினும் வேறுபாடு பெரிது. ஏதென்ஸில் மக்கள் மன்றத்துக்கு மேலே மன்னர் எவரும் இல்லை. போர் தொடுப்பதையும் அம்மன்றமே முடிவு செய்தது. உத்திரமேரூர்ச் சபையோ தன் ஊரை மட்டும் ஆண்டது. நாட்டை ஆண்டவன் பராந்தகன். இரண்டிலும் குறையும் இருந்தது. ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் மன்றத்தில் இடமில்லை. உத்திரமேரூரில் சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களின் பெயர்களே குடத்தில் விழுந்தன. வயலில் உழைத்தோரின் பெயர் எழுதிய ஓலை அக்குடத்தில் இல்லை.

தக்கோலப் போர்

பராந்தகனின் இறுதிக் காலம் துயரம் மிகுந்தது. கி.பி. 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்தான். கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் அவனுக்குத் துணை நின்றான். தக்கோலத்தில் நடந்த போரில், யானைமீது அமர்ந்து போரிட்ட பட்டத்து இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டான். பராந்தகன் தன் மூத்த மகனையும் நாட்டின் வடபகுதியையும் இழந்தான். சில ஆண்டுகளில் அவனும் மறைந்தான்.

இப்போரைக் குறிப்பிடும் கன்னடக் கல்வெட்டு ஒன்று மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. பன்றியோடு போரிட்டு இறந்த காளி என்னும் வேட்டைநாயின் நினைவாக நாட்டப்பட்ட கல் அது. பீன்யாவில் வாழும் மாணவர் அதனைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

பராந்தகன் தேடிய மணிமுடியைப் பிற்காலத்தில் முதலாம் இராசேந்திரன் ஈழத்திலிருந்து கொண்டுவந்தான். இன்று அம்முடியும் இல்லை. சோழர் அரியணையும் இல்லை. பதவிக்கு வருபவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதிய உத்திரமேரூர்ச் சுவர் மட்டும் இன்றும் நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்

குடும்பு – ஊரின் உட்பிரிவு
வாரியம் – குறிப்பிட்ட பணியைக் கவனிக்கும் குழு
ஓலை – எழுதப் பயன்பட்ட பனையோலை
மணிமுடி – அரசர் அணியும் மகுடம்

வினாக்கள்

1. ஓலையை எடுக்க எழுத்தறியாத சிறுவனை அழைத்தது ஏன்?
2. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கியது முறையா? உம் கருத்தை எழுதுக.
3. ஏதென்ஸ் மன்றத்துக்கும் உத்திரமேரூர்ச் சபைக்கும் உள்ள ஒற்றுமை இரண்டும் வேற்றுமை ஒன்றும் எழுதுக.
4. உம் வகுப்புத் தலைவரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தால், யாருடைய பெயர்களைக் குடத்தில் இடுவீர்? காரணம் கூறுக.