இளையராஜாவின் முதல் மியூசிக் ஸ்கூல்: யார் இந்த பாவலர் வரதராஜன்?

பாட்டு கத்துக்கணும்னா இன்னைக்கு மாசாமாசம் ஃபீஸ் கட்டணும், அல்லது ஆப் டவுன்லோட் பண்ணணும். 1950-களில் கம்பம் பள்ளத்தாக்கில் இது ரெண்டுமே கிடையாது. ஆனால் பைசா வாங்காமல் ஒரு இசைப்பள்ளி நடந்தது. அதற்குக் கட்டடம் இல்லை. ஊர் ஊராகப் போகும் ஒரு கச்சேரிக் குழுதான் அது. அதை நடத்தியவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன்.

எந்த ஊர்?

இன்றைய தேனி மாவட்டத்தின் பண்ணைப்புரம். அப்போது மதுரை மாவட்டம். வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். பாட்டு எழுதுவார், பாடுவார், ஆர்மோனியம் வாசிப்பார். ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய சினிமா மெட்டு. அதில் கூலி, விலைவாசி, அரசியல் பற்றிய புது வரிகள். மெட்டு தெரிஞ்சதால், கேட்டவர்கள் அடுத்த நாளே பாட ஆரம்பித்துவிடுவார்கள்.

1958-ல் என்ன நடந்தது?

கேரளாவில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு மெல்லிய பெரும்பான்மையில் இருந்தது. தேவிகுளம் தொகுதி வெற்றி செல்லாது என்று தீர்ப்பாக, இடைத்தேர்தல் வந்தது. மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடம் ஓட்டு கேட்க மலையேறிப் போனது வரதராஜனின் ஆர்மோனியம். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைப் பாட்டிலேயே கிண்டலடித்தார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இ.எம்.எஸ்.ஸே மேடையில் பாராட்டியதாகச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடம் எப்படி?

14 வயசு வாக்கில் ராசய்யா, அதாவது பின்னாளைய இளையராஜா, குழுவில் சேர்ந்தார். முதலில் பெண் குரல் பாட்டுகள். வயசுக்கு வந்து குரல் உடைந்ததும் ஆர்மோனியம் பக்கம் போனார். அண்ணனோ பெட்டியைத் தொடவே விடமாட்டார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் தம்பிகள் கட்டைகளை அழுத்திப் பழகினார்கள். பாஸ்கர், கங்கை அமரன் என எல்லோரும் தேறியது இப்படித்தான். பாவலர் பிரதர்ஸ் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியது. சிலபஸ் இல்லை, ராத்திரி கச்சேரிதான் பரீட்சை, கூட்டம்தான் மார்க் போடும்.

அதன் பிறகு?

1960-களின் கடைசியில் தம்பிகள் சென்னை போனார்கள். அங்கே தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை படித்தார். நொட்டேஷன் அங்கே வந்தது. ஆனால் ஒரு மெட்டு சாதாரண ஆளின் வாயில் எப்படி உட்காரும் என்ற பாடம், அதற்கு முன்பே பள்ளத்தாக்கில் முடிந்திருந்தது.

1973-ல் வரதராஜன் காலமானார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். தம்பியின் வெற்றியை அவர் பார்க்கவில்லை. 'அலைகள் ஓய்வதில்லை' டைட்டில் கார்டில் வரும் பாவலர் கிரியேஷன்ஸ் என்ற பெயரை இனி பார்த்தால், ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஃபீஸ் வாங்காத அந்த வாத்தியாரின் பெயர்தான் அது.