ஜான் ரிக்ஸ்

ஜான் மேங்கி ரிக்ஸ் (அக்டோபர் 25, 1811 - நவம்பர் 11, 1885) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆவார். பல்லின் வேர்ப் பகுதியில் படிந்த காறையை ஈற்றுக்கு அடியில் சென்று சுரண்டி எடுப்பதன் மூலம் ஈறு நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பதை இவர் வலியுறுத்தினார். இதனால் பயோரியா எனப் பரவலாக அறியப்படும் சீழ் வடியும் ஈறு நோய், அமெரிக்காவில் நெடுங்காலம் ரிக்ஸ் நோய் என்றே அழைக்கப்பட்டது. மயக்க மருந்தின் வரலாற்றிலும் இவருக்குச் சிறப்பிடம் உண்டு.

வாழ்க்கைக் குறிப்பு

ரிக்ஸ் கனெடிகட் மாநிலத்தின் சீமூர் என்னும் ஊரில் பிறந்தார். ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்த வாஷிங்டன் கல்லூரியில் பயின்று 1837-இல் பட்டம் பெற்றார். இக்கல்லூரி 1845-இல் டிரினிட்டி கல்லூரி எனப் பெயர் மாற்றப்பட்டது. அக்காலத்தில் பல் மருத்துவம் பெரும்பாலும் ஒரு மூத்த மருத்துவரிடம் உடனிருந்து கற்றுக்கொள்ளும் தொழிலாகவே இருந்தது. ரிக்சும் ஹார்ட்ஃபோர்டில் பணியாற்றிய ஓரசு வெல்சு என்பவரிடம் தொழில் கற்று, ஏறத்தாழ 1840 முதல் அந்நகரிலேயே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். பின்னர் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியான பால்டிமோர் பல் அறுவைக் கல்லூரியில் 1854-இல் பட்டம் பெற்றார்.

வலியின்றிப் பல் பிடுங்கல்

1844 டிசம்பர் 10 அன்று கார்ட்னர் குவின்சி கோல்டன் என்பவர் ஹார்ட்ஃபோர்டில் சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரசு ஆக்சைடை மக்கள் முன் செய்து காட்டினார். வாயுவை முகர்ந்த சாமுவேல் கூலி என்னும் இளைஞர் காலில் அடிபட்டும் வலியை உணராமல் இருந்ததை வெல்சு கவனித்தார். இவ்வாயுவைப் பல் பிடுங்கும்போது பயன்படுத்தலாம் என்று அவருக்குத் தோன்றியது. அன்றிரவே அவர் ரிக்சுடன் இது குறித்துக் கலந்து பேசினார்.

மறுநாள் காலை வெல்சு தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டார். கோல்டன் வாயுவைக் கொடுத்தார். ரிக்ஸ் வெல்சின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். கேளிக்கைக் காட்சிகளில் தரப்படும் அளவைக் காட்டிலும் கூடுதலாக வாயுவைச் செலுத்த வேண்டியிருந்ததால், உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை இருவரும் அறிந்திருந்தனர். உயிரிழப்பு ஏற்பட்டிருந்தால் பழி முழுவதும் ரிக்சின் மீதே விழுந்திருக்கும். ஆயினும் வெல்சு வலியை உணராமல் விழித்தெழுந்தார். இதன் பின்னர் இருவரும் தத்தம் நோயாளிகளுக்கு இம்முறையைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

1845-இல் பாஸ்டன் நகரில் வெல்சு செய்து காட்டிய சோதனையில் நோயாளி குரல் எழுப்பியதால் அவர் ஏளனத்துக்கு ஆளானார். 1846 அக்டோபர் 16 அன்று, வெல்சின் முன்னாள் கூட்டாளியான வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு அதே நகரில் வெற்றி பெற்றார். மனமுடைந்த வெல்சு 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தற்கொலை செய்து கொண்டார். முதலில் கண்டறிந்தவர் யார் என்னும் பூசலில், பல்லைப் பிடுங்கியவர் என்ற முறையில் ரிக்ஸ் தம் ஆசிரியருக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864-இல் வெல்சின் முன்னுரிமையை ஏற்றுக்கொண்டது.

ஈறு நோய்ச் சிகிச்சை

ரிக்சின் காலத்தில் ஈற்றில் சீழ் வடிந்து ஆடும் பற்கள் காப்பாற்ற இயலாதவை என்று கருதப்பட்டு, பெரும்பாலும் பிடுங்கப்பட்டன. சில மருத்துவர்கள் நோயுற்ற ஈற்றை வெட்டி நீக்கினர். நோய் உடலின் பொதுவான பலவீனத்தால் வருகிறது என்ற கருத்தும் நிலவியது. ரிக்ஸ் இவற்றை ஏற்கவில்லை. நோயின் காரணம் பல்லின் மீதே உள்ளது என்றும், காறையும் பிற படிவுகளும் ஈற்றை உறுத்துவதாலேயே அழற்சி தோன்றிப் பரவுகிறது என்றும் அவர் கூறினார். ஈற்றை வெட்டுவதை எதிர்த்தார்.

தம் முறைகளை 1876-இல் பென்சில்வேனியா பல் மருத்துவ அறிவியல் இதழில் வெளியிட்டார். அதில் நோயை நான்கு நிலைகளாகப் பிரித்தார். ஈற்றின் விளிம்பு சிவந்து குருதி கசிவது தொடக்க நிலை. அழற்சி பரவி ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே பை உண்டாகிச் சீழ் சேர்வதும், எலும்பு கரைந்து பல் ஆடுவதும் அடுத்து வருபவை. தாங்கும் எலும்பு முற்றிலும் அழிந்த இறுதி நிலையில் பல்லைக் காப்பாற்ற இயலாது.

இதற்கென அவர் சிறு சுரண்டு கருவிகளைப் பயன்படுத்தினார். அவற்றை ஈற்றுப் பைக்குள் செலுத்தி, வேரின் மீதுள்ள காறையையும் சிதைந்த எலும்பு விளிம்பையும் சுரண்டி எடுத்து, பல்லின் பரப்பை வழவழப்பாக்கினார். உள்ளிட உணர்வு நீக்கத்துக்குக் கோகெயின் பயன்படலாம் என்பது 1884-இல்தான் அறியப்பட்டது. எனவே ரிக்சின் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியில் ஈற்றை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து கிடையாது.

ஹார்ட்ஃபோர்டில் வாழ்ந்த எழுத்தாளர் மார்க் டுவைனும் இவரிடம் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றார். அவ்வனுபவத்தை நகைச்சுவையாக ஒரு கட்டுரையில் எழுதினார். அது அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை.

முன்னோடிகளும் பிற்கால வளர்ச்சியும்

காறையைச் சுரண்டும் வழக்கத்தை ரிக்ஸ் புதிதாகத் தோற்றுவிக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த அல் சகுராவி பல் சுரண்டும் கருவிகளை வரைபடங்களுடன் விளக்கியுள்ளார். பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியான தம் நூலில் காறை நீக்கத்தை விவரித்துள்ளார். ஈற்றுக்கு அடியில் உள்ள வேரைத் தூய்மை செய்வதையே சிகிச்சையின் மையமாக்கியது ரிக்சின் பங்களிப்பாகும்.

காறையின் உறுத்தலே நோய்க்குக் காரணம் என்ற அவரது விளக்கம் பின்னர் திருத்தப்பட்டது. பல்லின் மீது படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு அழற்சியைத் தூண்டுகிறது என்பதை 1965-இல் ஹரால்ட் லோ குழுவினரின் ஆய்வு தெளிவாக்கியது. கரடுமுரடான காறை அப்படலம் தங்கி வளர இடமளிக்கிறது. ஆகவே காரணத்தின் விளக்கம் மாறிய போதிலும் சிகிச்சையின் அடிப்படை மாறவில்லை. இன்று ஸ்கேலிங், ரூட் பிளேனிங் என்னும் பெயர்களில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யப்படும் ஆழ்ந்த பல் தூய்மையாக்கம், ரிக்ஸ் பின்பற்றிய வழியின் தொடர்ச்சியாகும். எனினும் எலும்பு விளிம்பைச் சுரண்டுவது இதில் வழக்கமான பகுதி அன்று. கரைந்த எலும்பு இச்சிகிச்சையால் பெரும்பாலும் மீள்வதில்லை. நோய் மேலும் பரவாமல் தடுப்பதே இதன் நோக்கம்.

ரிக்ஸ் 1885-இல் ஹார்ட்ஃபோர்டில் காலமானார். அவர் வாழ்ந்த கனெடிகட் மாநிலத்திலேயே, பிரிட்ஜ்போர்ட் நகரில், பல் தூய்மைப் பணியாளர்களுக்கான முதல் பள்ளியை ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் 1913-இல் தொடங்கியமை குறிப்பிடத்தக்கது.